இருபத்தைந்தாவது கிலோமீட்டரில்தான் பாதி: மலை மராத்தானில் வேகத்தைப் பங்கிடும் கணக்கு

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் நகரில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 570 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது யுங்ஃபிராவ் மராத்தான். அதன் முதல் பத்து கிலோமீட்டரில் மலை கண்ணுக்குத் தெரிகிறதே தவிர, காலுக்கு இன்னும் தெரிவதில்லை. நகர வீதிகளில் ஒரு சுற்று, பிரியென்ஸ் ஏரிக்கரையிலுள்ள போனிகன் கிராமம், அங்கிருந்து வில்டர்ஸ்வில் என்று பாதை ஏறக்குறையச் சமதளமாகவே போகிறது. செப்டம்பர் மாதக் காலைக் குளிரில், ஆயிரக்கணக்கானோருடன் சேர்ந்து, மாட்டுமணிகளை ஆட்டி உற்சாகப்படுத்தும் மக்களுக்கு நடுவே ஓடும் ஒருவருக்குத் தம் வழக்கமான மராத்தான் வேகம்கூட மெதுவாகத் தோன்றும். ஆறு மணி நேரம் கழித்து அவர் எந்த நிலையில் இருப்பார் என்பது பெரும்பாலும் இந்தப் பத்து கிலோமீட்டரிலேயே முடிவாகிவிடுகிறது.

1993 முதல் நடந்துவரும் இந்த ஓட்டத்தை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஏற்றமும், தார்ச்சாலையும், சரளைப் பாதையும், கல் நிறைந்த ஒற்றையடித் தடமும் ஒரே 42.195 கிலோமீட்டருக்குள் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து கிடக்கும் வழித்தடங்கள் குறைவு. வில்டர்ஸ்வில்லைத் தாண்டியபின் பாதை லூட்சின ஆற்றை ஒட்டி மெல்ல ஏறி, ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திலுள்ள லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கை அடைகிறது. அங்கே, 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டௌப்பாக் அருவியைப் பார்த்தபடி பள்ளத்தாக்குக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு, சுமார் 25-ஆவது கிலோமீட்டரில் மறுபடியும் ஊருக்குள் வருகிறது. அதற்குப் பிறகுதான் மலை. 1,274 மீட்டர் உயரத்திலுள்ள வெங்கன் கிராமத்தை அடைய, ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஏறக்குறைய 475 மீட்டர் ஏற வேண்டும். வெங்கனிலிருந்து மேலே மரக்காடும் மேய்ச்சல் நிலமும் கடந்து, பனியாறு ஒரு காலத்தில் ஒதுக்கிவிட்டுப் போன கற்குவியலின் முகட்டில் செல்லும் குறுகிய தடம் வருகிறது. பல ஆண்டுகள் 2,061 மீட்டர் உயரத்துக் கிளைன ஷைடெக் கணவாயில் முடிந்த ஓட்டம், பின்னர் அதற்கும் மேலேயுள்ள அய்கர்கிளெட்ஷர் நிலையத்துக்கு மாற்றப்பட்டது. பழைய வழித்தடத்தின்படி மொத்த ஏற்றம் சுமார் 1,830 மீட்டர். அதில் முதல் 25 கிலோமீட்டரின் பங்கு 300 மீட்டர் அளவுதான். மீதி 1,500 மீட்டருக்கு மேற்பட்டது கடைசிப் பதினேழு கிலோமீட்டரில் குவிந்து கிடக்கிறது.

சமதள மராத்தானில் நல்ல வேகப் பங்கீடு என்றால் என்ன என்பதற்குக் குழப்பமில்லாத விடை உண்டு. 2023-இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 0 நிமிடம் 35 விநாடியில் உலக சாதனை படைத்தபோது, முதல் பாதியை 60 நிமிடம் 48 விநாடியிலும் இரண்டாம் பாதியை 59 நிமிடம் 47 விநாடியிலும் ஓடினார். இரண்டு பாதிகளுக்கும் உள்ள வேறுபாடு ஒரு நிமிடம் மட்டுமே. சமதளத்தில் சீரான வேகமும் சீரான உழைப்பும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதே போதுமானது. மலையில் இந்த இரண்டும் பிரிந்துவிடுகின்றன. அங்கே வேகத்தைச் சீராக வைத்தால் உழைப்பு தாறுமாறாகும். உழைப்பைச் சீராக வைத்தால் வேகம் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் மாறும். உடலுக்குத் தெரிவது உழைப்பு மட்டுமே என்பதால், மலையில் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதும் அதைத்தான். இது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்துதான். ஆனால் எவ்வளவு உழைப்பு, எந்த இடத்தில் என்று எண்ணிக்கையாகக் கணக்கிட்டுப் பார்க்கும்வரை, அந்த ஒப்புதலால் ஓட்டத்தன்று பயன் ஏதும் இருப்பதில்லை.

கணக்கிடுவதற்கு நல்ல அடிப்படை ஒன்று இருக்கிறது. ஆல்பெர்ட்டோ மினெட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் மலை ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் 45 சதவீத இறக்கத்திலிருந்து 45 சதவீத ஏற்றம் (அதாவது 100 மீட்டர் தூரத்துக்கு 45 மீட்டர் உயரம்) வரை நடக்கவும் ஓடவும் விட்டு, ஒவ்வொரு சரிவிலும் ஒரு மீட்டர் நகர உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்று அளந்து, 2002-இல் வெளியிட்டார்கள். அவர்கள் தந்த சமன்பாட்டில் எண்களைப் பொருத்திப் பார்த்தால், 10 சதவீத ஏற்றத்தில் ஓடுவதற்குச் சமதளத்தில் ஆவதைப்போல 1.66 மடங்கும், 15 சதவீத ஏற்றத்தில் இரண்டு மடங்குக்குச் சற்றே கூடுதலாகவும் ஆற்றல் செலவாகிறது. 10 சதவீத இறக்கத்தில் செலவு 0.6 மடங்காகக் குறைகிறது. ஏறி இறங்கினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும்: ஒரு கிலோமீட்டர் ஏறி, ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஆகும் செலவு இரண்டு கிலோமீட்டர் அல்ல, 2.26 கிலோமீட்டர். இறக்கம் ஏற்றத்தின் கடனை முழுதாக அடைப்பதில்லை.

இந்தச் சமன்பாட்டை மனக்கணக்குக்கு ஏற்றபடி சுருக்கினால், 10 முதல் 15 சதவீதச் சரிவுகளில் 100 மீட்டர் உயரம் ஏறுவது, சமதளத்தில் கூடுதலாக ஏறத்தாழ 660 மீட்டர் ஓடுவதற்குச் சமம் என்று வருகிறது. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இலேயே, நடப்பவர்களுக்காக மூன்று மைலுக்கு ஒரு மணி நேரமும் 2,000 அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் என்று ஒரு விதியைச் சொல்லியிருந்தார். அதை மீட்டருக்கு மாற்றினால் 100 மீட்டர் ஏற்றம் என்பது ஏறக்குறைய 800 மீட்டர் நடைக்குச் சமமாகிறது. ஆய்வகம் எதுவுமில்லாமல், மலையில் நடந்த அனுபவத்திலிருந்தே ஒருவர் இவ்வளவு நெருங்கி வந்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இப்போது இதை யுங்ஃபிராவ் வழித்தடத்தின் மேல் பொருத்திப் பார்க்கலாம். 1,830 மீட்டர் ஏற்றம் சுமார் 12 கிலோமீட்டருக்குச் சமம். ஆக மொத்த ஓட்டம், உழைப்பின் அளவில், 54 கிலோமீட்டர். முதல் 25 கிலோமீட்டரும் அதிலுள்ள 300 மீட்டர் ஏற்றமும் சேர்ந்து 27 கிலோமீட்டர். மீதமுள்ள பதினேழு கிலோமீட்டரும் அதன் ஏற்றமும் சேர்ந்து இன்னொரு 27 கிலோமீட்டர். அதாவது, பள்ளத்தாக்கைச் சுற்றிவிட்டு மலையடிவாரத்தில் வந்து நிற்கும் ஓட்டக்காரர், தூரத்தில் ஐந்தில் மூன்று பங்கை முடித்திருந்தாலும், உழைப்பில் சரியாகப் பாதியில்தான் நிற்கிறார். இந்தக் கணக்கு நடைமுறைக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. உலக மலை ஓட்டப் போட்டிகளில் ஆறு முறை வாகை சூடிய நியூசிலாந்தின் ஜானதன் வயட், 2003-இல் இந்த வழித்தடத்தை 2 மணி 49 நிமிடம் 1 விநாடியில் ஓடிச் சாதனை படைத்தார். சாலை மராத்தானில் அவருடைய சிறந்த நேரம் 2 மணி 13 நிமிடம். இரண்டையும் வகுத்தால் 1.27 வருகிறது, 54-ஐ 42.2-ஆல் வகுத்தால் 1.28. மலையில் தம் உழைப்பை எப்படிச் செலவிட வேண்டும் என்பதை முழுதாக அறிந்த ஒருவருக்கு இந்தக் கணக்கு பொருந்துகிறது என்றே நான் கொள்கிறேன்.

சரிவு சதவீதத்தைக் காகிதத்தில் படித்தால் அதன் கடுமை மனத்தில் பதிவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி மலை ரயிலில் போனவர்களுக்கு, சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்திருப்பது நினைவிருக்கும். அந்தப் பாதையின் மிகச் செங்குத்தான இடத்தில்கூடச் சரிவு பன்னிரண்டில் ஒன்று, அதாவது 8.33 சதவீதம்தான். லவுட்டர்புருன்னனிலிருந்து வெங்கன் வழியாகக் கிளைன ஷைடெக் செல்லும் பல்சக்கர ரயில் பாதையில் அதிகபட்சச் சரிவு 25 சதவீதம். அந்த ரயில் ஏறும் அதே மலைச்சரிவைத்தான் ஓட்டக்காரர்கள், 25 கிலோமீட்டரை முடித்த கால்களோடு ஏறுகிறார்கள்.

ஒரு சாதாரண ஓட்டக்காரருக்கு இது என்ன பொருள் தருகிறது என்பதை எண்களில் பார்ப்போம். சமதள மராத்தானை நான்கு மணி நேரத்தில் முடிப்பவர் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி வேகத்தில் ஓடுகிறார். ஆனால் இங்கே அவர் ஓடப்போவது 54 கிலோமீட்டருக்குச் சமமான உழைப்பு. நேரம் நீள நீளத் தாக்குப்பிடிக்கக்கூடிய உழைப்பின் அளவு குறையும் என்பதால், பத்தில் ஒரு பங்கு தளர்த்தி, சமதளத்தில் 6 நிமிடம் 15 விநாடி வேகத்துக்கு உரிய உழைப்பை அவருக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த உழைப்பில் முதல் 25 கிலோமீட்டருக்கு 2 மணி 49 நிமிடம் ஆகும். சராசரி கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 45 விநாடி. அடுத்த பதினேழு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட அதே 2 மணி 51 நிமிடம். சராசரி கிலோமீட்டருக்கு 10 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே கிலோமீட்டரில் 200 மீட்டர் ஏறும் இடத்தில் அந்த ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் பதினான்கரை நிமிடம். மெல்லிய காற்றும் கரடுமுரடான தடமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் நேரம் இன்னும் கூடும்.

இதே மனிதர் முதல் 25 கிலோமீட்டரைத் தம் வழக்கமான 5 நிமிடம் 41 விநாடி வேகத்தில் ஓடினால், மலையடிவாரத்தை 27 நிமிடம் முன்னதாகவே அடைந்துவிடுவார். கடிகாரம் அதை லாபம் என்றே காட்டும். ஆனால் அந்த 27 நிமிடத்துக்கு அவர் கொடுத்த விலை தசையில் சேமித்திருந்த மாவுச்சத்து. உழைப்பின் தீவிரம் கூடக்கூட உடல் கொழுப்பை விட்டு மாவுச்சத்தையே அதிகம் எரிக்கிறது. தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்க முடிவது ஏறத்தாழ 2,000 கலோரி அளவுதான். 60 கிலோ எடையுள்ளவருக்குச் சமதள மராத்தானுக்கே ஏறக்குறைய 2,500 கலோரி தேவைப்படும்; 54 கிலோமீட்டருக்குச் சமமான உழைப்புக்கு 3,200 கலோரியைத் தாண்டும். தொடக்கத்திலேயே இருப்பைக் கரைத்துவிட்டவருக்கு, வெங்கனுக்கு மேலே நடப்பதே பெரும்பாடாகிவிடும். 27 நிமிடம் அங்கே ஒரு மணி நேரமாகத் திருப்பிச் செலுத்தப்படும்.

அப்படியானால் ஏற்றத்தில் கொஞ்சமும் கூடுதலாக உழைக்கக் கூடாதா என்ற கேள்வி நியாயமானது. இரண்டு நிமிடத்தில் முடியும் சிறிய மேடுகள் வந்து வந்து போகும் வழித்தடத்தில், ஏற்றத்தில் சற்றுக் கூட்டி, அடுத்து வரும் இறக்கத்தில் தளர்த்துவது பயன் தரும். ஏனெனில் நேரம் அதிகம் கரைவது ஏற்றத்தில், மூச்சு மீள்வதற்கு இறக்கம் உடனே கிடைக்கிறது. ஆனால் மூன்று மணி நேரம் நீளும் ஏற்றத்தில் இந்த உத்தி செல்லாது, அங்கே மீள்வதற்கான இடமே கிடையாது. ஒரு வழித்தடத்தின் மொத்த ஏற்றம் எவ்வளவு என்பதை மட்டும் கேட்பவர்கள், அந்த ஏற்றம் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். அதுதான் உத்தியைத் தீர்மானிக்கிறது.

செங்குத்தான இடங்களில் நடப்பதைப் பற்றிச் சமதள ஓட்டக்காரர்களிடம் ஒரு கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்துக்கு உடலியலில் இடமில்லை. செங்குத்து ஓட்டங்களைப் பற்றிக் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வகத்தில் ராஜர் கிராம் குழுவினர் நடத்திய ஆய்வில், செங்குத்தான சரிவுகளில் ஒரே வேகத்தில் மேலேறும்போது ஓடுவதைவிட நடப்பதற்கே ஆற்றல் குறைவாகச் செலவாகிறது என்று தெரியவந்தது. லவுட்டர்புருன்னனுக்கு மேலே வளைந்து வளைந்து ஏறும் தடத்தில் பெரும்பாலோர் நடக்கிறார்கள். ஆனால் நடையிலும் இரண்டு வகை உண்டு. தோற்றுப்போய் நடப்பவர் நிமிர்ந்து, கைகளைத் தொங்கவிட்டு, நின்று நின்று போகிறார். திட்டமிட்டு நடப்பவர் இடுப்பிலிருந்து சற்று முன்னால் சாய்ந்து, குதிகாலையும் பதித்து, அடியைக் குறுக்கி, தேவைப்பட்டால் உள்ளங்கையைத் தொடையில் ஊன்றித் தள்ளி, மணி அடித்தாற்போல ஒரே தாளத்தில் போகிறார். ஓட முடியாத நிலை வந்தபின் நடக்கத் தொடங்குவதைவிட, ஓட முடிகிறபோதே, சரிவு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் நடப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

இதை நான் கற்றுக்கொண்டது ஏலகிரிச் சாலையில். அங்கே பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். முதல் முறை ஏறியபோது, கைக்கடிகாரத்தில் தெரிந்த கிலோமீட்டர் வேகம் குறையக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ஓடினேன். நான்காவது வளைவு வரை அது முடிந்தது. ஏழாவது வளைவில் சாலையோரக் கைப்பிடிச் சுவரில் கை ஊன்றி நின்றபோது, வளைவின் பெயர்ப்பலகையைப் படிக்கக்கூட முடியாமல் கண் இருட்டியது. அடுத்த மாதம் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, மூச்சை மட்டும் அளவாகக் கொண்டேன்: மூன்று அடிக்கு மூச்சை இழுத்து, மூன்று அடிக்கு விடுவது, அது இரண்டாகச் சுருங்கினால் உடனே அடியைக் குறுக்குவது, அப்படியும் சரியாகாவிட்டால் நடப்பது. வெயில் ஏறுமுன் மேலே போய்ச் சேர்ந்தபோது, முதல் முறையைவிடப் பல நிமிடங்கள் மிச்சமாகியிருந்தன. வழியில் ஒரு வளைவிலும் நிற்கவில்லை.

மலையில் கருவிகளை நம்புவதில் உள்ள சிக்கல் வெறும் மனப்பழக்கம் சார்ந்தது அல்ல. செயற்கைக்கோள் வழியாகத் தூரம் அளக்கும் கடிகாரம், இரு பக்கமும் பாறைச்சுவர் எழுந்து நிற்கும் லவுட்டர்புருன்னன் போன்ற பள்ளத்தாக்குகளிலும், அடிக்கொரு முறை திரும்பும் வளைவுத் தடங்களிலும் தடுமாறும். அது காட்டும் நொடிநேர வேகத்துக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. இதயத்துடிப்பு அதைவிட நம்பத் தகுந்தது என்றாலும், சரிவு மாறி அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்தே அது உழைப்புக்கு ஏற்ற அளவை எட்டுகிறது. தவிர, நேரம் ஆக ஆக, உழைப்பு கூடாமலேயே துடிப்பு மெல்ல ஏறும் இயல்பும் உண்டு. மூச்சுதான் உடனுக்குடன் பேசுகிறது. முதல் 25 கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும். ஏற்றத்தில் நான்கைந்து சொற்களாவது தொடர்ந்து வர வேண்டும். ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டால் உழைப்பு எல்லை மீறிவிட்டது.

தரையின் தன்மை இன்னொரு கணக்கு. ஆய்வகத்து டிரெட்மில் சொல்லும் எண்கள் கெட்டியான, வழுவழுப்பான தளத்துக்கு உரியவை. தளர்ந்த தரையில் காலை ஊன்றும்போது ஆற்றலின் ஒரு பகுதி தரையை நகர்த்துவதிலேயே போகிறது; அதன் உச்ச எல்லையான மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைப்போல 1.6 மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது என்று 1998-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ நீர்விளிம்பை விட்டு உள்ளே வந்து ஓடியவர்களுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மலைத்தடத்துச் சரளை அவ்வளவு மோசமில்லை, ஆனால் அங்கே செலவு வேறு வழிகளில் ஏறுகிறது: வேரிலும் கல்லிலும் இடறாமலிருக்கக் காலைக் கூடுதலாகத் தூக்க வேண்டும், அடியின் நீளம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது, கணுக்கால் ஓயாமல் சமன் செய்துகொண்டே இருக்கிறது, கண்கள் மூன்று நான்கு அடி முன்னால் தரையிலேயே நிலைத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கவனச் சோர்வை எந்தச் சமன்பாடும் அளப்பதில்லை. தார்ச்சாலை முடிந்து தடம் தொடங்கும் இடத்தில் கடிகார வேகத்தை விட்டுவிட்டு, அடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டி ஓடுவதே பாதுகாப்பானது.

இறக்கத்தைப் பற்றி யுங்ஃபிராவ் அதிகம் கற்பிப்பதில்லை. அதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தானைப் பார்க்க வேண்டும். அது முழுக்கத் தார்ச்சாலை ஓட்டம். ஹாப்கின்டனில் தொடங்கி நகருக்குள் முடியும்போது மொத்தத்தில் 140 மீட்டர் அளவு கீழே இறங்கியிருக்கும். 2011-இல் ஜெஃப்ரி முட்டாய் அங்கே 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடியும், அந்த இறக்கமும் ஒரே திசையில் நீளும் பாதையும் விதிகளுக்குள் வராததால், அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. ஆனால் அதே பாஸ்டனில்தான், 33-ஆவது கிலோமீட்டரைச் சுற்றி வரும் ‘ஹார்ட்பிரேக் ஹில்’ என்ற மேடு பல்லாயிரம் பேரை நடக்க வைக்கிறது. அந்த மேட்டின் உயரம் வெறும் 27 மீட்டர். இவ்வளவு சிறிய மேடு இவ்வளவு பேரை முறியடிப்பதற்குக் காரணம் அதன் உயரம் அல்ல, அதற்கு முந்தைய இறக்கங்கள். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கி நிறுத்துகிறது. அப்படி நீளும்போது இழுபடும் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. மூச்சு வாங்காது, துடிப்பு ஏறாது, உழைப்பதாகவே தோன்றாது. பாதிப்பு இரண்டு மணி நேரம் கழித்தே தெரியும். மினெட்டியின் எண்கள் இறக்கத்தை மலிவு என்று சொல்வது ஆற்றலைப் பொறுத்தவரை உண்மைதான், ஆனால் தசைக்கு நேரும் சேதம் அந்த எண்களில் இல்லை. ஆகவே, ஏறி இறங்கும் வழித்தடங்களில் முதல் பாதி இறக்கங்களை, நீண்ட தாவல்களை விட்டு, குறுகிய விரைவான அடிகளால் கடந்து, கடைசி இறக்கங்களுக்குத் தொடையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நல்ல செய்தி ஒன்றும் இதில் உண்டு: ஒரு முறை கடுமையான இறக்கத்தில் ஓடி வலி கண்ட தசை, அடுத்த பல வாரங்களுக்கு அதே இறக்கத்தை மிகக் குறைந்த சேதத்தோடு தாங்குகிறது. ஓட்டத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பு ஒரு நீண்ட இறக்கப் பயிற்சி செய்வது இதனால்தான்.

உயரம் கூடும்போது காற்று மெலிகிறது. கிளைன ஷைடெக் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுதான்; சென்னையிலிருந்து போகிறவருக்கு, கால்கள் சோராமலேயே மூச்சு திணறும். வெப்பநிலையும் தொடக்க இடத்தைவிடச் சுமார் பத்து டிகிரி குறைந்திருக்கும், வியர்த்த உடலோடு முகட்டுக் காற்றில் நடக்கும்போது அது இன்னும் குளிரும். இவற்றுக்குச் சிறப்பு உத்தி எதுவும் தேவையில்லை. மூச்சை அளவாகக் கொண்டவர் தாமாகவே மெதுவாவார், இடுப்பில் சுருட்டிக் கட்டிய மெல்லிய மேலுடை குளிரைப் பார்த்துக்கொள்ளும்.

உணவு வேகப் பங்கீட்டின் ஒரு பகுதி என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பெரும்பாலோர் குடல் தாங்கும் அளவு. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்த வகையில் பழகிக்கொண்டால் 90 கிராம் வரை போகலாம். மலையில் கடைசி மூன்று மணி நேரம் மூச்சு இரைக்க ஏறும்போது மாவுச்சத்துக் கூழான ஜெல்லை உறையைக் கிழித்து விழுங்குவதே சிரமம், விழுங்கினாலும் வயிறு ஏற்பதில்லை. ஆகவே முதல் இரண்டரை மணி நேரச் சமதளத்தை, வேகத்தைக் கூட்டுவதற்கான வாய்ப்பாகப் பார்க்காமல், நிதானமாக உண்டு குடித்துச் சேர்த்துக்கொள்வதற்கான நேரமாகப் பயன்படுத்துவதே சரி. பள்ளத்தாக்குச் சுற்று முடிவதற்குள் குறைந்தது 150 கிராம் உள்ளே போயிருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

சமவெளியில் வாழ்பவர் இதற்கெல்லாம் எங்கே பயிற்சி எடுப்பது? சென்னையின் பரங்கிமலை மொத்தமே 90 மீட்டர் உயரம். யுங்ஃபிராவின் ஏற்றத்துக்கு ஈடாக அதை இருபது முறை ஏற வேண்டும். நாள்தோறும் அதைச் செய்ய இயலாது, தேவையும் இல்லை. வாரம் ஒரு முறை டிரெட்மில்லில் 12 முதல் 15 சதவீதச் சரிவில் முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பதும், மாதம் ஒரு முறை ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை போன்ற ஏதேனும் ஒரு மலைச்சாலையில் நீண்ட ஏற்றம் செல்வதும், காடுகளையொட்டிய மண்பாதைகளில் மெதுவாக ஓடுவதும் போதுமான அடித்தளத்தைத் தரும். சமதளத்தில் பழகியவர்கள் நடைப் பயிற்சியை ஓட்டப் பயிற்சியாகக் கருதுவதில்லை. மலை மராத்தானுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதுவே பெரியது என்று நினைக்கிறேன். இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஏறப்போகும் ஒருவர், அதில் பெரும்பகுதியை எந்த அசைவில் கழிக்கப்போகிறாரோ, அந்த அசைவைப் பழகாமல் போகலாமா?

ஓடி முடித்தபின், நன்றாகப் பங்கிட்டு ஓடினோமா என்பதை எப்படி அறிவது? பாதி நேரங்களை ஒப்பிடுவது இங்கே உதவாது. இரண்டாம் பாதி எல்லோருக்குமே நீளும். நம்பத் தகுந்த அளவுகோல் வரிசை எண். லவுட்டர்புருன்னனில் எத்தனையாவதாக இருந்தோம், முடிவில் எத்தனையாவதாக வந்தோம் என்று பார்த்தால், அந்தக் கணக்கில் மலை எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. 25-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு நூற்றுக்கணக்கானோரைக் கடந்தவர், தம் முதல் பாதியைச் சரியாக ஓடியிருக்கிறார். நூற்றுக்கணக்கானோர் தம்மைக் கடந்துபோகப் பார்த்தவர், அந்த ஒரு மணி நேரத்தை எங்கே இழந்தோம் என்பதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கடப்பதற்கும் இடம் பார்க்க வேண்டும். 38-ஆவது கிலோமீட்டருக்குமேல் கற்குவியல் முகட்டில் தடம் ஒரு ஆள் அகலமே இருக்கிறது. ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடி எல்லோரும் ஒரே வேகத்தில் நடக்கிறார்கள். ஒரு பக்கம் பனியாறு, நேர் மேலே அய்கர் சிகரத்தின் பாறை, முகட்டின் உச்சியிலிருந்து வழக்கம்போல் ஒருவர் ஊதும் பைக்குழலின் ஓசை காற்றோடு வந்து வந்து போகிறது. அந்த வரிசைக்குள் புகுந்தபின் ஒருவரிடம் எவ்வளவு வலு மிச்சமிருந்தாலும் அதைப் பயன்படுத்த வழியில்லை. ஆகவே மிச்சம் வைத்திருப்பவர் அதை வெங்கனுக்கு மேலே, மேய்ச்சல் நிலத்தில் பாதை இன்னும் அகலமாக இருக்கும் அந்த ஏழெட்டு கிலோமீட்டரிலேயே செலவிட்டுவிட வேண்டும்.